பழைய சேஃப்டி ரேஸர்: தேடிப் பிடிப்பது முதல் சவரம் செய்வது வரை

பழைய ரேஸர் ஒன்று கைக்கு வந்ததும் பலரும் முதலில் பார்ப்பது பளபளப்பை. நான் பார்ப்பது பிளேடு உட்காரும் இடத்தை. புது பிளேடு ஒன்றைப் போட்டு இறுக்கி, ரேஸரின் தலையைக் கண்ணுக்கு நேராக, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பேன். மேல்மூடிக்கு வெளியே இரண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு நீட்டிக்கொண்டிருக்கிறதா? பிளேடின் விளிம்புக்கும் கீழே உள்ள தடுப்புக்கும் நடுவே தெரியும் வெளிச்சக் கீற்று, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே அகலத்தில் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால், முலாம் தேய்ந்து பித்தளை எட்டிப் பார்த்தாலும் அது நல்ல ரேஸர். இல்லை என்றால், எவ்வளவு மின்னினாலும் முகத்துக்கு ஆகாது.

அரிய ரேஸர்களைச் சேர்ப்பவர்களில் பலர் அவற்றைக் கண்ணாடி அலமாரியோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை. நூறு வயதான ரேஸர் இன்றைய பிளேடை வாங்கிக்கொண்டு, செய்யப்பட்ட அன்று சவரம் செய்தது போலவே இன்றும் செய்யும். அப்படி உழைக்கக்கூடிய பழம்பொருட்கள் அதிகம் இல்லை. அதனால் இந்த வழிகாட்டி, சேர்ப்பதையும் சவரத்தையும் ஒன்றாகவே வைத்துப் பேசுகிறது.

எதைத் தேடுகிறோம்

நியூயார்க்கில் காம்ஃப் சகோதரர்கள் 1880-இல் காப்புரிமை வாங்கிய ஸ்டார் ரேஸர்தான் தொடக்க கால சேஃப்டி ரேஸர்களில் முக்கியமானது. தலைக்கு அடியில் நுரை வந்து தேங்க ஒரு சின்னத் தொட்டி இருக்கும். பிளேடு, சவரக்கத்தியை அரை விரல் நீளத்துக்கு வெட்டி எடுத்தது போலத் தடிமனானது. தீட்டித் தீட்டித்தான் பயன்படுத்த வேண்டும். தீட்டத் தெரியாதவர்கள் இதை அழகுக்காக வாங்கலாம், சவரத்துக்காக வேண்டாம்.

தீட்டும் வேலையே வேண்டாம், தேய்ந்தால் தூக்கிப் போடலாம் என்ற யோசனை கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு 1895-இல் வந்தது. காகிதம் போல மெல்லிய எஃகுத் தகட்டைக் கூராக்கும் வித்தையைச் செய்து காட்டியவர் வில்லியம் நிக்கர்சன். 1903-இல் விற்பனை தொடங்கியபோது முதல் வருடம் போனது 51 ரேஸர்களும் 168 பிளேடுகளும்தான். அடுத்த வருடமே 90,884 ரேஸர்கள் விற்றன. அந்த வருடம் நவம்பர் 15-இல் காப்புரிமையும் கிடைத்தது. அந்தத் தேதி பொறித்த ரேஸர்கள் இன்றும் நிறையக் கிடைக்கும். தேதியைப் பார்த்து, அந்த வருடமே செய்தது என்று நினைத்துவிடாதீர்கள். காப்புரிமைத் தேதியைப் பல வருடங்கள் தொடர்ந்து அடித்திருக்கிறார்கள்.

பழசு எல்லாமே அரிது இல்லை என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படைவீரர்களுக்காக ஜில்லெட் 35 லட்சம் ரேஸர்களையும் 3 கோடியே 20 லட்சம் பிளேடுகளையும் கொடுத்தது. அதனால் அந்தக் காலத்து ரேஸர் பழசுதான், ஆனால் அபூர்வம் அல்ல. அபூர்வமாவது, அதே ரேஸர் தன் சொந்தப் பெட்டி, பிளேடு டப்பா, வழிமுறைத் தாளோடு ஒன்றுகூடக் குறையாமல் கிடைப்பது.

இரட்டை விளிம்பு ரேஸர்களில் மூன்று குடும்பங்களை மனதில் வையுங்கள். முதலாவது, மூன்று துண்டாகக் கழலும் பழைய வகை. கீழ்த்தடுப்பு சீப்புப் பல் போல வெட்டியிருக்கும். இரண்டாவது, 1930-இல் வந்த 'நியூ' வகை. ரேஸர் கீழே விழுந்து மூடியின் மூலை வளைந்தால் பிளேடின் மூலை முகத்தைப் பிடுங்கும். அதற்காகவே பிளேடின் நான்கு மூலைகளையும் வெட்டியெடுத்து வடிவத்தை மாற்றினார்கள். இன்றைய பிளேடுகளிலும் அந்த வெட்டு இருக்கிறது. ஆக, விழுந்து மூலை வளைந்த ரேஸர் என்பது அன்றைக்கே பெரிய தலைவலி. இதே குடும்பத்தில் 1938-இல் வந்த டெக், சீப்பை விட்டுவிட்டு நேரான தடுப்புக்கு மாறியது. மூன்றாவது, கைப்பிடியின் அடியைத் திருகினால் மேல்மூடி இரண்டு கதவாகத் திறக்கும் வகை. 1934-இன் அரிஸ்டோகிராட், 1947-இன் சூப்பர் ஸ்பீட், எண்ணைத் திருப்பினால் மென்மையும் முரடும் மாறும் ஃபேட்பாய், அதன்பின் வந்த ஸ்லிம் எல்லாம் இந்த வழியில் வந்தவை.

இவற்றுக்கு வெளியே ஒரு தனி உலகம் இருக்கிறது. முதுகுப்பட்டை வைத்த ஒற்றை விளிம்பு பிளேடு போடும் ஜெம். பிளேடை உள்ளே தள்ளிவிடும் ஷிக் இன்ஜெக்டர். தோல்வாரை ரேஸருக்குள்ளேயே நுழைத்து இழுத்துத் தீட்டும் வாலெட் ஆட்டோஸ்ட்ராப். பெட்டியின் ஒரு மூடியில் சாணைக்கல்லும் மறு மூடியில் தோலும் வைத்த ரோல்ஸ் ரேஸர். வில்கின்சன் ஸ்வோர்டின் ஏழு நாள் பெட்டியில் ஏழு பிளேடுகளின் முதுகிலும் கிழமையின் பெயர் பொறித்திருக்கும். அதை வாங்கும்போது ஏழு கிழமையும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள். ஒரே கிழமை இரண்டு இருந்தால் வேறு பெட்டியிலிருந்து எடுத்து நிரப்பியிருக்கிறார்கள்.

வயதைக் கண்டுபிடிப்பது

1950-களிலிருந்து வந்த அமெரிக்க ஜில்லெட் ரேஸர்களில் இது சுலபம். தலையின் அடிப்பக்கத்தில் ஒரு ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். எழுத்து வருடம், எண் அந்த வருடத்தின் காலாண்டு. 'ஏ' 1955, 'பி' 1956, 'சி' 1957, 'டி' 1958, 'இ' 1959, 'எஃப்' 1960, 'ஜி' 1961 என்று போகும். எஃப் எழுத்தும் 2 என்ற எண்ணும் இருந்தால் 1960 ஏப்ரல் முதல் ஜூனுக்குள் செய்தது. ஃபேட்பாய் 1958-இலிருந்து 1961 வரைதான் வந்தது. ஃபேட்பாய் என்று சொல்லி வேறு காலத்து எழுத்தோடு ஒன்றை நீட்டினால் நின்று யோசியுங்கள்.

தொடக்க கால ரேஸர்களில் எழுத்துக் குறி கிடையாது, தொடர் எண்தான் உண்டு. அங்கே அந்த எண்ணோடு கைப்பிடியின் அமைப்பு, அதில் உள்ள வளையங்கள், பெட்டியின் துணி, பொறித்த எழுத்தின் வடிவம் இவற்றைச் சேர்த்து வைத்துத்தான் காலத்தைச் சொல்ல முடியும்.

வாங்குவதற்கு முன்

நேரில் பார்த்து வாங்க முடிந்தால் நல்லது. படத்தைப் பார்த்து வாங்குவதென்றால் விற்பவரிடம் நான்கு படங்களைக் கேளுங்கள்: பிளேடு போட்டு இறுக்கிய தலை பக்கவாட்டிலிருந்து, தலையின் அடிப்பக்கம், மூடியின் உட்புறம், கைப்பிடியின் முழு நீளம். இதை அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காமல் விடுவதே மேல்.

கைப்பிடியை எதற்குப் பார்க்க வேண்டும் என்றால், அடியில் உருண்டைக் குமிழ் வைத்த பழைய ஜில்லெட் கைப்பிடிகள் மெல்லிய பித்தளைக் குழாய்களால் ஆனவை. வருடங்கள் போகப் போக நீளவாக்கில் தலைமுடி போல விரிசல் விடும். முலாமின் கீறல் என்று தோன்றும். நகத்தால் குறுக்கே வருடினால் நகம் தட்டும். விரிசல் விட்ட கைப்பிடியை இறுக்கும்போது மரை வழுக்கும். பிளேடு நடுவழியில் தளர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சீப்புப் பற்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மூலைப் பல்தான் முதலில் வளையும். கதவு வகையில், இரண்டு கதவும் ஒரே நேரத்தில் மூடி ஒரே உயரத்தில் வந்து நிற்க வேண்டும். எண் மாற்றும் வகையில் 1-லிருந்து 9 வரை திருப்பிப் பார்த்து, தடுப்புத் தகடு மெல்ல நகர்வதைக் கண்ணால் உறுதிசெய்யுங்கள். எண் மட்டும் சுற்றி, தகடு அசையவில்லை என்றால் உள்ளே அடைப்போ உடைப்போ இருக்கிறது.

புதிதாக முலாம் பூசிய ரேஸர்கள் தனிக் கதை. சவரத்துக்கு அவை அருமை, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் சேகரிப்பவர் கண்ணுக்கு அதன் மதிப்பு அசலுக்குச் சமம் ஆகாது. எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தால் தேய்த்துப் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு ரேஸரின் தலையையும் இன்னொன்றின் கைப்பிடியையும் சேர்த்து விற்பதும் சகஜம். தலையின் முலாமும் கைப்பிடியின் முலாமும் ஒரே மாதிரி வயதாகியிருக்கின்றனவா என்று பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

சுத்தம் செய்வது

இந்த இடத்தில்தான் அவசரத்தால் நல்ல ரேஸர்கள் கெடுகின்றன. தேவை மிகக் கொஞ்சம்: வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, மிருதுவான பழைய பல் பிரஷ், பொறுமை.

ஒரு சூப்பர் ஸ்பீட் என்னிடம் வந்தபோது அடிக்குமிழ் அசையவே இல்லை. பலம் கொடுத்துத் திருகத் தோன்றியது, திருகவில்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டேன். தண்ணீர் பழுப்பாகியது. கொட்டிவிட்டு மறுபடி ஊறப்போட்டேன். மூன்றாவது தடவை குமிழைத் தொட்டதும் லேசாக நெகிழ்ந்தது, கதவுகள் அரை விரிவுக்கு வந்தன. கதவின் கீழே இருந்து நகத்துண்டு அளவுக்கு ஒரு கட்டி வந்து விழுந்தது. பல வருடத்துச் சோப்பு, கல்லாக இறுகியிருந்தது. அதன் பிறகு குமிழ் வெண்ணெய் போலச் சுற்றியது. உலர்ந்ததும் ஒரு சொட்டு மினரல் ஆயிலைக் குமிழின் இடுக்கில் விட்டேன். வேறு எதுவும் செய்யவில்லை.

கொதிநீர் கூடாது. தங்க முலாம் பூசிய ஜில்லெட்டுகளின் மேல் மெல்லிய வார்னிஷ் பூச்சு உண்டு. நான் ஒருமுறை கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுத்தேன், பூச்சு திட்டுத் திட்டாக உரிந்து வந்தது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. பிளீச்சும் அம்மோனியா கலந்த திரவங்களும் பித்தளைக்கு விஷம். வாஷிங் சோடா அலுமினியத்தைக் கறுக்கடிக்கும், அலுமினிய டெக் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். பேக்கலைட், செல்லுலாய்டு கைப்பிடிகளை ஊறப்போடவே வேண்டாம், ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

மூடியின் உள்ளே பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் பல் குத்தும் மரக்குச்சியால் மெல்லச் சுரண்டுங்கள். உலோக ஊசி முலாமைக் கீறும். மெருகேற்றும் பசையை நிக்கல் முலாமில் சிக்கனமாகத் தொடலாம். தங்க முலாமில் தொடாதீர்கள். அது அவ்வளவு மெல்லியது, கறையோடு தங்கமும் போய்விடும்.

வளைந்த சீப்புப் பல்லை நிமிர்த்த நினைப்பவர்களுக்கு: பழைய பித்தளை ஒருமுறை வளையும், இரண்டாவது முறை முறியும். இடுக்கியின் வாயில் தோல் சுற்றி, ஒரே திசையில், இம்மி இம்மியாக நகர்த்துங்கள். அரிதான ரேஸர் என்றால் இந்த வேலையை அனுபவம் உள்ளவரிடம் விட்டுவிடுவது நல்லது.

கடைசியில் கிருமி நீக்கம். இன்னொருவர் முகத்தில் ஓடிய பொருள் என்பதை மறக்கக் கூடாது. 70 சதவீத ஐசோபுரோப்பில் ஆல்கஹாலில் உலோகப் பகுதிகளைப் பத்து நிமிடம் வைத்தெடுத்து, கழுவி, உலர்த்துங்கள். செல்லுலாய்டு, வண்ணம் பூசிய பகுதிகளில் ஆல்கஹால் படக் கூடாது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் நிக்கல் முலாம் ரேஸரைத் தவிர்க்க வேண்டும்.

பிளேடு

இன்றைய இரட்டை விளிம்பு பிளேடு, 1900-களின் ரேஸரிலும் உட்காரும், 1960-களின் ரேஸரிலும் உட்காரும். இதைவிட இந்தப் பழக்கத்துக்கு வேறென்ன அதிர்ஷ்டம் வேண்டும்! ஆனால் எதிர்த்திசையில் இது செல்லாது: பழைய மூன்று துளை பிளேடு, நடுவில் கட்டை வைத்த 1930-க்குப் பிந்தைய ரேஸர்களில் நுழையாது. ஜெம்முக்கும் இன்ஜெக்டருக்கும் இன்றும் பிளேடு தயாராகிறது. ஜெம் வடிவில் சுரண்டும் வேலைக்கென்று விற்கும் பிளேடுகளும் உண்டு, அவை முகத்துக்கு அல்ல. பெட்டியோடு வரும் பழைய பிளேடுகளை உறையிலிருந்து பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள். கார்பன் எஃகு துருப்பிடித்திருக்கும்.

மூன்று துண்டு ரேஸரில் பிளேடு போடும் முறை: மூடியைக் கவிழ்த்துப் பிடித்து, பிளேடை வைத்து, அதன் மேல் அடித்தகட்டை வைத்து, கைப்பிடியைப் பாதி திருகுங்கள். இப்போது பிளேடின் கூர் இல்லாத இரு முனைகளை மட்டும் விரலால் பிடித்து, இரண்டு பக்கமும் சமமாக வரும்படி நகர்த்திக்கொண்டே மீதியை இறுக்குங்கள். மறுபடியும் வெளிச்சத்துக்கு எதிரே அந்த ஒரு பார்வை. நான் தினமும் பார்க்கிறேன், ஐந்து நொடிதான்.

முதல் சவரம்

முதல் நாள் மாலை, ஒரு நாள் வளர்ந்த தாடியில் உள்ளங்கையை எல்லாத் திசையிலும் ஓட்டிப் பாருங்கள். சொரசொரக்காமல் வழுக்கும் திசைதான் முடி படியும் போக்கு. கன்னத்தில் பெரும்பாலும் மேலிருந்து கீழ். கழுத்தில் ஆளுக்கு ஆள் மாறும், சிலருக்குப் பக்கவாட்டில்கூடப் படியும். தெரியாமல் கழுத்தில் கத்தி வைத்துத்தான் பலருக்கும் சிவந்து தடிக்கிறது.

காலையில் முகத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள். பிரஷ்ஷில் சோப்பை எடுத்து முகத்திலேயே நுரையைத் தட்டி எழுப்புங்கள். நுரை பஞ்சு போலப் பொங்கியிருப்பதைவிட, தயிர் போல ஈரமாகவும் வழுக்கலாகவும் இருப்பதுதான் முக்கியம்.

அப்புறம் கோணம். ரேஸரின் மூடியைக் கன்னத்தில் படிய வையுங்கள், கைப்பிடி முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும். பிளேடு இன்னும் தொடவில்லை. மெதுவாகக் கைப்பிடியைக் கீழே இறக்குங்கள். விளிம்பு தொடும் இடத்தில் ஒரு சன்னமான கரகரப்பு கேட்கும். நிறுத்துங்கள், அதுதான் உங்கள் கோணம். பிளேடு தோலோடு சுமார் 30 பாகை சாய்ந்திருக்கும். பழைய சீப்பு வகைகளில் பிளேடுக்கு அடியில் இடம் அதிகம் என்பதால் இந்தச் சத்தம் கணீரென்று கேட்கும். சத்தம் நின்றால் கோணம் தவறிவிட்டது என்று காதே சொல்லிவிடும்.

அழுத்தம் வேண்டவே வேண்டாம். ரேஸரின் எடை போதும். கைப்பிடியை விரல்நுனிகளால் பிடியுங்கள், முஷ்டியால் அல்ல. மறு கையால் தோலை இழுத்துப் பிடித்து, இரண்டு விரல் அகலத்துக்குச் சின்னச் சின்ன இழுப்பாக இழுங்கள். ஒவ்வொரு சில இழுப்புக்கும் ரேஸரை அலசுங்கள். கிருதாவிலிருந்து தொடங்கி கன்னம், தாடை, கழுத்து என்று போய், மீசைப் பகுதியையும் மோவாயையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே முடி தடிப்பு அதிகம், நுரையில் ஊற அதற்கு நேரம் கிடைக்கும்.

புது ரேஸரோடு முதல் தடவை, முடியின் போக்கிலேயே ஒரே ஒரு சுற்று போதும். அது எரிச்சல் இல்லாமல் முடிந்தால் அடுத்த நாள் மறுபடி நுரை போட்டுக் குறுக்காக ஒரு சுற்று. எதிர்ப்போக்கு, ரேஸர் உங்களுக்குப் பழகிய பிறகுதான். கண்ணாடி போன்ற வழுவழுப்புக்கு ஆசைப்பட்டு முதல் நாளே எதிர்ப்போக்கில் போனால், ரேஸரின் குணத்தையே தப்பாகப் புரிந்துகொள்வீர்கள்.

குளிர்ந்த தண்ணீரில் கழுவிவிட்டுப் படிகாரக் கட்டியை நனைத்து முகத்தில் தடவுங்கள். இதைவிட நேர்மையான ஆசான் கிடையாது. எங்கே சுரீர் என்கிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள், அல்லது ஒரே இடத்தில் பலமுறை ஓட்டியிருக்கிறீர்கள்.

ஒவ்வொன்றின் குணம்

டெக் மிக மென்மையானது. பழைய ரேஸரில் முதல் முறை சவரம் செய்பவருக்கு நான் கொடுப்பது இதைத்தான். பழைய சீப்பு வகை, கைப்பிடியை முழுக்க இறுக்கினால் அடக்கமாகவும், சற்றே தளர்த்தினால் முரடாகவும் வேலை செய்யும். அந்தக் காலத்தில் இதையே ஒரு வசதியாகச் சொல்லி விற்றார்கள். ஆனால் தேய்ந்த மரையில் இதைச் செய்யாதீர்கள். 1955-இல் வந்த சூப்பர் ஸ்பீட்களில் நீல நுனி மென்மை, சிவப்பு நுனி முரடு. ஃபேட்பாயிலும் ஸ்லிம்மிலும் 3-இல் தொடங்கி, வாரத்துக்கு ஒரு எண்ணாக ஏற்றிப் பாருங்கள். எண்ணை மாற்றும் முன் அடிக்குமிழைக் கொஞ்சம் தளர்த்துவது என் வழக்கம், உள்ளே உள்ள பாகங்களுக்குச் சிரமம் இருக்காது.

ஜெம் மைக்ரோமேட்டிக் முற்றிலும் வேறு. அதன் தலையைக் கன்னத்தில் தட்டையாகப் படிய வைத்து, அப்படியே இழுக்க வேண்டும். இரட்டை விளிம்பின் கோணத்தில் பிடித்தால் சுரண்டும். பிளேடு தடிமனாக இருப்பதால் அதிராது, தடித்த தாடிக்கு இதைப்போல இன்னொன்று இல்லை. பிளேடைச் சாய்வாகப் பிடிக்கும் சாய்தலை ரேஸர்கள், அரிவாள் சாய்ந்து வெட்டுவதுபோல முடியை லேசாக அறுத்துச் செல்லும். சுகமானவை, ஆனால் அழுத்தத்தைக் கொஞ்சமும் மன்னிக்காது. ரேஸரே சாய்ந்திருக்கிறதே என்று கையையும் சேர்த்துச் சாய்க்காதீர்கள், மற்ற ரேஸரைப் போலவே நேராக இழுங்கள்.

பாதுகாப்பது

சவரம் முடிந்ததும் மூன்று துண்டு ரேஸரைக் கழற்றி அலசி, துணியால் ஒற்றித் தனித்தனியாகக் காயவிடுங்கள். கதவு வகையில் கதவைப் பாதி திறந்து அலசி, தண்ணீரை உதறி, திறந்தபடி நிற்க வையுங்கள். ஈரத்தோடு பழைய பெட்டிக்குள் வைத்தால் பெட்டியின் துணியில் பூஞ்சை வரும், ரேஸரில் மறுபடி களிம்பு ஏறும். பயன்படுத்தும் ரேஸரை வெளியிலும், அதன் பெட்டியைத் தனியாக உலர்ந்த இடத்திலும் வைப்பதே சரி. தீர்ந்த பிளேடுகளுக்கு ஒரு மூடிய தகர டப்பாவில் மெல்லிய வாய் வெட்டி அதற்குள் போடுங்கள்.

கூடவே ஒரு நோட்டு. ஒவ்வொரு ரேஸருக்கும் ஒரு பக்கம்: வாங்கிய நாள், குறியெழுத்து, அப்போது இருந்த குறைகள், நீங்கள் செய்த சுத்தம், எந்த பிளேடு, எந்த எண், எத்தனை சவரம், எங்கே எரிந்தது. என் ஃபேட்பாயின் பக்கத்தில் கடைசியாக எழுதியிருப்பது: '5-ஆம் எண், பிளேடு மூன்றாவது நாள், கழுத்தின் இடப்பக்கம் லேசாகச் சுரீர். நாளை 4.'